ரெண்டுக்கு ரெண்டு

ஃப்ரீஸர் பெட்டியின் கண்ணாடியில் படிந்த நீர்த்துளிகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது புவனாவின் இடுப்பில் ஃபோன் அதிர்ந்தது. கை அப்படியே நின்றது. துடைத்த வட்டத்துக்குள் கணவர் கிருபாசங்கரின் நெற்றியும் ஒரு பக்கத்துக் காதும் மட்டும் தெரிந்தன. அவசர அவசரமாகப் புடவை மடிப்புக்குள் கைவிட்டுக் கணவரின் ஃபோனை எடுத்துப் பார்த்தாள். ஈரோட்டுக் கருப்புசாமி: 'பெருமாநல்லூர் தாண்டிட்டோம். இன்னும் அரை மணி நேரம்.'

அவள் எதிர்பார்த்த ஆள் அவரில்லை.

"இந்நேரத்துல என்ன அம்மணி ஃபோனு?" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னத்தாயி. கிருபாசங்கரின் அக்கா. விடியற்காலையிலிருந்து அழுது தொண்டை கட்டியிருந்தது. "அவன் இருந்தவரைக்கும் அதையேதான் கட்டிட்டு அழுதான். இப்ப நீயுமா?"

"வர்றவங்க வழி கேக்கறாங்க நங்கை."

மணி பத்து ஆகப் பத்து நிமிடம். வாசலில் பந்தல்காரனோடு பேசிக்கொண்டிருந்த தம்பிதுரை உள்ளே வந்தார். கிருபாசங்கரின் அண்ணன், இந்த வீட்டில் நல்லதுக்கும் கெட்டதுக்கும் நேரம் குறிப்பவர் அவர்தான். செத்த வீடானாலும் சட்டைப் பையில் பேனா இருந்தது.

"அம்மணி, பதினொண்ணே முக்காலுக்கு எடுத்தரோணும். ஞாயித்துக்கெழம, பன்னெண்டுக்கு எமகண்டம் புடிக்குது. மின்மயானத்துலயும் பன்னெண்டரைக்கு எழுதியாச்சு. இன்னும் யாரு வரோணும்?"

புவனா மனதுக்குள் எண்ணினாள். கோடிச்சேலையோடு தன் அண்ணன் வந்தாயிற்று. மகள் லோகப்பிரியா பெங்களூரிலிருந்து நேற்றிரவே நேராக மருத்துவமனைக்கு வந்துவிட்டாள். பங்காளிகள் வந்தாயிற்று.

"அவரோட சினேகிதரு ஒருத்தர் வரோணுங்க மாமா. கோயமுத்தூர்ல இருந்து."

"ஆரு, அந்த இங்கிலீஷ் பாட்டுக் கூட்டாளியா? இருக்கற முப்பது கிலோமீட்டருக்கு இன்னுமா வர்றாரு? வந்தா வரட்டும். நேரம் நமக்காக நிக்காது" என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போனார்.

அந்தக் கூட்டாளி அமீர் ஹம்சா வராமல் போய்விடுவாரோ என்பது ஒரு பயம். வந்துவிடுவாரோ என்பது இன்னொரு பயம். நேற்று இரவு எட்டு மணிக்கு லோகப்பிரியா சினேகிதர்களின் வாட்ஸ்அப் குழுவில் அப்பா இறந்த செய்தியைப் போட்டாள். மற்ற இரண்டு பேரும் உடனே ஃபோன் செய்து அழுதார்கள். ஹம்சா பார்த்துவிட்டார், நீலக்குறி விழுந்திருக்கிறது. ஆனால் ஒரு வார்த்தை இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்தான் அவருக்கு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். செய்தியைப் படித்துவிட்டு அந்த மனிதருக்கும் ஏதாவது ஆகிவிட்டதோ? இல்லையென்றால், வந்து இத்தனை சனத்துக்கு முன்னால், "கடைசியா நான் சொன்னத ஒத்துக்கிட்டுப் போயிட்டானே" என்று சொல்லி அழுதால்?

அப்படிச் சொன்னால் அவள் என்ன செய்வாள்? கிருபாசங்கர் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொண்டது புவனா.

குழுவில் நான்கே பேர். பாலிடெக்னிக்கில் ஒரே அறையில் தங்கிப் படித்தவர்கள். கிருபாசங்கர் சோமனூரில் பன்னிரண்டு தறி போட்டு நெசவு நடத்தினார். ஹம்சா கோயமுத்தூர் கோட்டைமேட்டில் முதலில் கேசட் பதிவு செய்து கொடுக்கும் கடையும், கேசட் காலம் போனபின் செல்ஃபோன் உறை விற்கும் கடையும் வைத்தார். கருப்புசாமிக்கு ஈரோட்டில் மஞ்சள் மண்டி. சுப்பையனுக்கு மேட்டுப்பாளையத்தில் பாக்கு வியாபாரம். உலகத்திலேயே பெரிய ராக் பேண்டு எது என்பது ஒன்றுதான் அவர்களுக்குள் வழக்கு. கிருபாசங்கரும் கருப்புசாமியும் டீப் பர்ப்பிள். ஹம்சாவும் சுப்பையனும் பிங்க் ஃப்ளாய்ட். இரண்டாவது இடம் லெட் செப்பலினுக்கு என்பதில் நான்கு பேருக்கும் ஒரே கருத்து. அதனால் அதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. வருடா வருடம் பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை கூடி ஓட்டெடுப்பார்கள். முப்பத்துநாலு வருடமாக ரெண்டுக்கு ரெண்டு.

புவனாவுக்கு அந்தப் பாட்டுகளில் ஒன்றுக்கும் அர்த்தம் தெரியாது. ஆனால் சண்டை மனப்பாடம்.

"உன்ற பேண்டு பாட்டு ஆரம்பிக்கறதுக்குள்ள என்ற தறியில ஒரு மீட்டர் துணி ஓடிருது பாய்."

"தறிச் சத்தத்துல காது போனவனுக்கு டிரம்ஸ் அடிச்சாத்தாண்டா பாட்டு. உன்னயெல்லாம் பேச்சுக்குச் சேத்துனது என்ற தப்பு."

கல்யாணமான புதிதில், தொண்ணூற்றெட்டில், குண்டு வெடித்துக் கோயமுத்தூரே கதவடைத்துக் கிடந்த வாரங்களில், தினமும் சாயங்காலம் கிருபாசங்கர் டெலிஃபோன் பூத்துக்குப் போய் வரிசையில் நின்றதை அவள் பார்த்திருக்கிறாள். ஒருநாள் கூடவே போனாள். ஹம்சாவின் பக்கத்து வீட்டு எண்ணுக்குப் போட்டு, அவர் வந்து எடுக்கும்வரை மீட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். எடுத்ததும் கேட்டது ஒன்றுதான்: "என்றா பாய், இன்னும் அந்தத் தூங்குமூஞ்சி பேண்டுதானா?" அந்தப் பக்கத்திலிருந்து கெட்ட வார்த்தையில் ஏதோ பதில் வந்தது. "செரி" என்று வைத்துவிட்டார். நல்லா இருக்கறாங்களான்னு கேக்கலீங்களா என்று புவனா கேட்டதற்கு, "அதத்தான் கேட்டேன்" என்றார். அன்றைக்கு ராத்திரி நன்றாகச் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தறிக்கூடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரைக் கார் வைத்துக் கோயமுத்தூரில் ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். கிளம்பிய வேகத்தில் புவனா தன் ஃபோனை வீட்டிலேயே விட்டுவிட்டாள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது அவர் சொன்னது இரண்டு விஷயம். ஆறாம் நம்பர் தறியை நிறுத்தச் சொல். "ஹம்சாவுக்குச் சொல்லிறாத. அவனே நெஞ்சுக்கு வைத்தியம் பாத்துட்டிருக்கறவன். பதறியடிச்சு வந்துருவான்."

அனுமதிப் படிவத்தில் உடனிருப்பவரின் செல் எண் என்ற இடத்தில் புவனா அவருடைய எண்ணையே எழுதிக் கொடுத்தாள். கேஸ் புத்தகம், ரேஷன் கார்டு, மகளின் பள்ளிக்கூடம், எதில் கேட்டாலும் அந்தப் பத்து இலக்கத்தைத்தான் இருபது வருடமாக எழுதியிருக்கிறாள். "இந்த நம்பருக்குத்தான் கூப்பிடுவோம், கையிலேயே வெச்சிருங்க" என்றாள் நர்ஸ். அதற்கப்புறம்தான் தான் செய்தது புரிந்தது. பேண்டுக்காரர்களின் குழுவும் அதே ஃபோனுக்குள்தான் இருந்தது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேட்டுப்பாளையத்துச் சுப்பையன் ஏதோ ஒரு பட்டியலை அனுப்பி ஆரம்பித்து வைத்தார். ஃபோன் கூவிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் உள்ளேயிருந்துதான் கூப்பிடுகிறார்கள் என்று புவனா எழுந்து நிற்பாள்; பார்த்தால் கிடார் படம். சத்தத்தைக் குறைக்கப் பயம். குழுவை மட்டும் அடக்கி வைக்கத் தெரியாது. சொல்லிவிடலாமென்றால், சொல்லாதே என்றிருக்கிறார். மதியம் மூன்று மணிக்குள் நாற்பது தடவை எழுந்து உட்கார்ந்துவிட்டாள். எதிர் நாற்காலிக்காரி, "உங்களுக்கும் ஏதாச்சும் பண்ணுதுங்களா?" என்றுகூடக் கேட்டாள்.

மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு ஹம்சாவின் குரல் செய்தி வந்தது. புவனா காதில் வைத்துக் கேட்டாள். "டேய் தறிக்காரா, எங்கடா ஓடி ஒளிஞ்சுட்ட? காலைல இருந்து பதிலே காணோம். தோத்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிரு, விட்டுர்றேன்."

சொன்னால் விட்டுவிடுவதாகச் சொல்கிறாரே. அவ்வளவுதான் அப்போது அவளுக்குத் தோன்றியது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள். 'நீ சொன்னதுதான் சரி. உன் பேண்டுதான் பெரிசு.'

அனுப்பியபின் ஒரு நிமிடம் நிசப்தமாக இருந்தது. பிறகு பட்டாசுச் சரத்தைக் கொளுத்திப் போட்டதுபோல் ஆயிற்று. சுப்பையன் மாலையும் கிரீடமும் அனுப்பினார். கருப்புசாமி, 'துரோகி' என்று ஏழு முறை எழுதினார். 'மூணுக்கு ஒண்ணு! மூணுக்கு ஒண்ணு!' என்று மறுபடியும் சுப்பையன். ஹம்சா எதுவும் எழுதவில்லை. கூப்பிட்டார். திரையில் 'பாய்' என்று வந்தது. கணவரின் குரலில் அவள் எப்படிப் பேசுவாள்? வெட்டிவிட்டாள். மறுபடி கூப்பிட்டார்; வெட்டினாள். மூன்றாம் முறையும் வெட்டினாள். நான்கு மணி பத்து நிமிடத்துக்கு வாசல் காவலாளி வந்து, "கிருபாசங்கர் கூட வந்தவங்க யாருங்க?" என்று கத்தினார். அந்த ஃபோனுக்கு மருத்துவமனையிலிருந்து ஓர் அழைப்பும் வரவே இல்லை.

"அம்மா." லோகப்பிரியா வந்து பக்கத்தில் குனிந்தாள். விடிந்தபோதே அவள் அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டிருந்தாள். அப்பா ஒருநாளும் தமிழில் தட்டியதில்லை; எல்லாம் இங்கிலீஷ் பெரிய எழுத்துதான். நீயா என்று கேட்டாள். ஆமாம் என்றாள் புவனா. "உட்டுரும்மா. அங்கிள் செயிச்சதாவே இருக்கட்டும். சொல்லி என்ன ஆகப்போகுது?" என்று அப்போது சொன்னவள், இப்போது வேறு முகத்தோடு வந்திருந்தாள்.

"ஹம்சா அங்கிள் வந்திருக்கறாரும்மா."

"எங்க?"

"மெயின் ரோட்டு பேக்கரியில. பூ வாங்கப் போனப்ப பாத்தேன். காலைல எட்டு மணில இருந்து அங்கயே உக்காந்திருக்கறாராமா, பேக்கரி அண்ணன் சொன்னாரு. டீ ஆறிப்போய் அப்படியே இருக்குது. வாங்க அங்கிள்னு கூப்பிட்டேன். 'நீ போ கண்ணு, வாரேன்'னாரு. எந்திரிக்கல."

மணி பதினொன்று அடித்தது. நீர்மாலைக்குக் குடத்தோடு போனவர்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். குளிப்பாட்டப் பின்கட்டில் பெஞ்சு போட்டாயிற்று. புவனா எழுந்து வாசலைப் பார்த்தாள். பேக்கரி நூற்றைம்பது அடி தூரத்தில்தான். ஆனால் எடுக்கும்வரை அவள் வாசற்படி தாண்டக் கூடாது. எடுத்தபின் பெண்கள் மயானத்துக்குப் போவதும் இல்லை. பதினொன்றே முக்காலுக்குள் அந்த மனிதர் உள்ளே வரவில்லையென்றால் கடைசியாக முகம் பார்க்காமலே போய்விடுவார். முப்பத்துநாலு வருடமாக ஒருவர் விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தவளும் தான்; அதை வாங்கிக்கொண்டு அவர் பேக்கரியில் உட்கார்ந்திருக்கக் காரணமும் தான்.

"நான் போயி சொல்லட்டுமாம்மா? எழுதுனது நீதான்னு?"

"வேண்டாங் கண்ணு. நான் செஞ்சத நாந்தான் சொல்லோணும்."

"தண்ணி ஊத்தற நேரத்துல எங்க போறா இவ?" என்ற சின்னத்தாயியின் குரலைத் தாண்டிக்கொண்டு, புவனா நூல் கட்டுகள் அடுக்கியிருந்த பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ஃபோனில் 'பாய்' என்ற பெயரைத் தொட்டாள். அங்கே அவருடைய திரையில் இந்நேரம் என்ன பெயர் ஒளிரும் என்பது அழைப்பு போகத் தொடங்கிய பிறகுதான் உறைத்தது. மணி முழுதாக அடித்து நின்றது. எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. நேற்று தான் வெட்டிய மூன்று அழைப்புகள் ஞாபகம் வந்தன. மூன்றாம் முறை, கடைசி மணியில் எடுத்தார். பேக்கரியில் யாரோ இரண்டு பப்ஸ் சொல்வது கேட்டது.

"ஏனுங்ணா... நான் புவனாங்ணா."

மூச்சு விடும் சத்தம்.

"உள்ள வாங்ணா. இன்னும் கொஞ்ச நேரத்துல எடுத்துருவாங்க."

"எந்த மொகத்த வெச்சுட்டு வர்றது தங்கச்சி?" அவர் குரல் அவருடையது மாதிரியே இல்லை. "அத்தன நாள் எவ்வளவு கேவலமாப் பேசுனாலும் திருப்பிப் பேசுனவன், நேத்து நீ சொன்னதுதான் சரின்னு எழுதறான். எனக்குச் சிரிப்பு வருமா சொல்லு? ஏதோ ஆயிருச்சுன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. கூப்பிட்டா வெட்டறான். பஸ் ஏறி இங்க வந்தேன், ஊடு பூட்டியிருக்குது. பக்கத்து ஊட்டுல ஆஸ்பத்திரின்னாங்க, எதுன்னு தெரியல. திரும்பப் போயி ஒவ்வொரு ஆஸ்பத்திரியா ஏறி எறங்குனேன். நாலாவதுல நிக்கறப்ப புள்ள போட்ட மெசேஜ் வந்துச்சு. எம்மேல வெறுத்துப்போயித்தான் அப்படி எழுதிருக்கறான். படுக்கைல கெடக்கறவனப் போயி ஓடி ஒளிஞ்சுட்டயான்னு கேட்டனே. ஆள உடுறா சாமின்னு எழுதிப்போட்டுப் போயிட்டான்."

"இல்லீங்ணா. அத எழுதுனது நானுங்ணா."

புவனா கதவில் சாய்ந்துகொண்டாள்.

"ஆஸ்பத்திரி ஃபோன் இதுலதான் வரும்னாங்க. உங்க கூட்டம் நிக்காம அடிச்சுட்டே இருந்துது. ஒவ்வொரு தடவயும் எனக்கு உசுரு போயிட்டு வந்துது. தோத்துட்டேன்னு சொன்னா உட்டர்றேன்னு நீங்க சொன்னீங்க. அதான், நானே தட்டிப்போட்டேன். உங்களுக்குச் சொல்லாதன்னு சொன்னது அவரு. உங்க ஒடம்புக்கு ஆகாதுன்னு. தப்புத்தானுங்ணா. அவர் பேச்ச உட்டுக்குடுக்கறதுக்கு நான் ஆரு?"

"அவன் எழுதலயா?"

"இல்லீங்."

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியவே தெரியாதுங்ணா. அதுக்கு முன்னயே கண்ண மூடிட்டுத்தான் கெடந்தாரு."

"அப்ப அவன் ஒத்துக்கல."

"ஒத்துக்கலீங்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் ஹம்சா. அது வாயிலிருந்து வந்ததா, மூச்சாக வந்ததா தெரியவில்லை. "ஒத்துக்கறவனா அவன்? நான் ஒரு மடையன், நம்பி உக்காந்திருந்தேன் பாரு." நாற்காலி தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. அதன்பின் அழைப்பு நின்றுபோயிற்று.

அவர் பந்தலுக்குள் நுழைந்தபோது குளிப்பாட்டிப் புது வேட்டி கட்டி முடித்திருந்தார்கள். குட்டையான மனிதர். நேற்றுப் போட்ட சட்டையாக இருக்க வேண்டும், கசங்கிக் கிடந்தது. செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்தார். கருப்புசாமி எழுந்து வந்து கையைப் பிடித்தார். தலைமாட்டில் போய் நின்று, சந்தனம் பூசிய அந்த முகத்தை ஹம்சா வெகுநேரம் பார்த்தார். சனம் அவர் ஏதாவது சொல்லி அழுவார் என்று காத்திருந்தது. புவனாவும் தூணைப் பிடித்தபடி காத்திருந்தாள். ஹம்சா அவர் நெற்றியில் வழிந்திருந்த சந்தனத்தை மட்டும் விரலால் ஒதுக்கிவிட்டார்.

"இவருதானா?" என்று தம்பிதுரை கேட்டார். புவனா தலையசைத்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று நாற்பத்திரண்டு. "செரி, செரி. வாய்க்கரிசி போடறவங்க போட்டுக்கங்க. சங்கு ஊதச் சொல்லு."

சந்துக்குள் மயான வண்டி நுழையாது. மெயின் ரோடு வரைக்கும் தோளில்தான் போகவேண்டும். பாடையின் முன்பக்கம் புவனாவின் அண்ணனும் ஒரு பங்காளிப் பையனும் குனிந்தார்கள். பின்னால் கருப்புசாமி. நான்காவது மூங்கில் முனையை யார் பிடிப்பது என்று இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்த இடைவெளியில் ஹம்சா போய்த் தோளைக் கொடுத்துவிட்டார். வேண்டாம்ணா, நெஞ்சுக்கு ஆகாது என்று புவனாவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. வாசற்படிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அதைக் கூவ அவளால் முடியவில்லை.

தூக்கினார்கள். நான்கு எட்டு வைப்பதற்குள் பாடை பின்பக்கம் ஒருபுறமாகச் சாய்ந்தது. மற்ற மூன்று பேரும் நெடுநெடுவென்று இருந்தார்கள். ஹம்சாவின் தோள் ஒரு சாண் கீழே இருந்தது. அவர் எக்கி எக்கி, கால்விரல்களில் நின்று நடக்கப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

"ஆள மாத்துங்க" என்றது கூட்டத்தில் ஒரு குரல். "நேரமாகுது."

"நில்லுங்க எல்லாரும்" என்றார் தம்பிதுரை.

தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். இரண்டாக மடித்தார், நான்காக மடித்தார், போதாதென்று எட்டாக மடித்தார். ஹம்சாவின் தோளுக்கும் மூங்கிலுக்கும் நடுவே செருகிக் கையால் அழுத்திவிட்டார். பின்பு நாலடி தள்ளிப்போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பாடை மட்டமாக இருக்கிறதா என்று பார்த்தார். திரும்பி வந்து துண்டை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினார்.

"இப்பச் செரியா இருக்குது," என்றார். "மெதுவா நடங்க."